செருப்பு வியாபாரி கட்டிய நகரம்



பாட்டா கடையில் செருப்பு வாங்காத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்துப் பலகையின் கீழே நின்றவர்கள்தாம் நாம் அனைவரும். 99 ரூபாய் 95 பைசா என்று விலை எழுதினால் அதைப் "பாட்டா விலை" என்று சொல்லும் வழக்கமே ஏற்பட்டுவிட்டது. கல்கத்தாவுக்கு அருகில் பாட்டாநகர் என்று ஓர் ஊர் இருப்பதால் அது நம் நாட்டுக் கம்பெனிதான் என்று எண்ணியிருப்பவர்களும் உண்டு. நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அந்தக் கம்பெனி பிறந்த ஊர் ஸ்லீன். இன்றைய செக் நாட்டின் கிழக்கே மொராவியா என்னும் பகுதியில், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. செருப்பு செய்து விற்ற ஒரு வியாபாரியும் அவருடைய கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து, சுமார் இருபது ஆண்டுகளில் அந்தச் சிற்றூரை நவீனக் கட்டடக்கலையின் முன்மாதிரி நகரமாக ஆக்கினார்கள். உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் அந்த ஊரைப் பற்றிப் படிக்கிறார்கள்.

மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் கட்டடக்கலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் முதலில் பெரும்பங்கு சரக்கில் முடங்குகிறது. அதற்கு அடுத்தபடி கடையிலும் கிடங்கிலும்தான் முடங்குகிறது. சரக்கு மாதத்துக்கு மாதம் மாறும். கட்டடம் தப்பாக அமைந்துவிட்டால் நம் காலம் முழுக்க மாறாது. ஸ்லீன் நகரத்தின் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. எச்சரிக்கையும் இருக்கிறது.

சுவர் தாங்கிய காலமும் தூண் தாங்கிய காலமும்

நம் பழைய கடைவீதிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் செங்கல் சுவர். அதன் மேல் தேக்கு உத்தரம். அதன் மேல் கட்டை அடுக்கி, செங்கல்லைக் குத்தாக வைத்து, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் ஒட்டுத் தளம். மேலே இருக்கும் பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்கும். ஆகவே சுவரில் பெரிய சன்னல் வைக்க முடியாது. இரண்டு கடையை ஒன்றாக்க நடுச்சுவரை எடுக்கவும் முடியாது. எடுத்தால் மேல்தளம் தலையில் இறங்கும்.

ஐரோப்பாவிலும் பழைய கட்டடங்கள் இந்த முறைதான். அதோடு முகப்பில் சிற்பம், தோரணம், வளைவு, கோபுரம் என்று அலங்காரத்துக்கே ஏராளமாகச் செலவழித்தார்கள்.

இரும்புக் கம்பி போட்ட சிமெண்ட் கான்கிரீட் வந்த பிறகு நிலைமை மாறியது. தூணும் உத்தரமும் சேர்ந்த எலும்புக்கூடே பாரம் முழுவதையும் தாங்கிக்கொள்ளும். சுவர் வெறும் மறைப்புதான். அதில் செங்கல் வைக்கலாம், கண்ணாடி வைக்கலாம், வேண்டாத இடத்தில் எடுத்தும் விடலாம். கூரையைத் தட்டையாக அமைக்கலாம். இந்த வசதியை உணர்ந்தவர்கள், அலங்காரத்தை விட்டுவிட்டு, உள்ளே என்ன வேலை நடக்கிறதோ அதற்குத் தக்க வடிவமே அழகு என்று கட்டத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக்கலை என்பது சுருக்கமாக இவ்வளவே. பெர்லின், பாரிஸ் போன்ற பெருநகரங்களில் இது பெரும்பாலும் கலைஞர்களின் விவாதமாக இருந்தபோது, ஸ்லீன் என்னும் சிற்றூரில் ஒரு வியாபாரியின் வரவு செலவுக் கணக்கிலிருந்து இது முளைத்தது.

கித்தான் செருப்பும் முதல் கட்டடங்களும்

தோமாஷ் பாட்டா 1876ஆம் ஆண்டு ஸ்லீனில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைக்கும் குடும்பம். 1894ஆம் ஆண்டு அண்ணன் அந்தோனின், அக்காள் அன்னா, தோமாஷ் மூவரும் தாயார் வழியில் வந்த சிறு தொகையை முதலாகப் போட்டுச் சொந்தப் பட்டறை தொடங்கினார்கள். ஓராண்டுக்குள் கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கக் கையில் பணம் இல்லாத அந்த நேரத்தில் கித்தான் துணியில் செருப்பு தைத்தார்கள். விலை மலிவு, எடை குறைவு. அந்தச் சரக்குதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

1904ஆம் ஆண்டு தோமாஷ் அமெரிக்கா சென்று, செருப்புத் தொழிலுக்குப் பேர்போன லின் என்ற ஊரில் சாதாரணத் தொழிலாளியாக வேலை பார்த்து இயந்திர முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். செருப்பு இயந்திரங்களைப் போலவே, அந்த இயந்திரங்களை வைத்திருந்த விசாலமான தொழிற்கூடங்களும் அவர் மனத்தில் பதிந்தன.

அவர் தமக்கென வீடு கட்டிய கதை சுவையானது. உள்ளூர்க் கொத்தனாரை வைத்துத் தொடங்கிய வேலை மனத்துக்குப் பிடிக்காமல் போகவே, யான் கொட்டேரா என்பவரை அழைத்தார். கொட்டேரா சாதாரண ஆள் அல்லர். வியன்னாவில் ஓட்டோ வாக்னரிடம் பயின்றவர். செக் நாட்டு நவீனக் கட்டடக்கலையின் தந்தை என்று போற்றப்படுபவர். 1911-12 ஆண்டுகளில் அவர் கைபட்டு அந்த வீடு முடிந்தது. பிறகு 1918ஆம் ஆண்டு தொழிலாளர்களுக்காக லெட்னா என்ற மேட்டில் ஒரு குடியிருப்பையும் கொட்டேராவே வரைந்து கொடுத்தார். ஓட்டுக்கூரை வீடுகள், சுற்றிலும் தோட்டம். வீட்டிலிருந்து இறங்கினால் தொழிற்சாலை. பின்னாளில் எழுந்த நகரத்துக்கு அதுவே விதை.

1922இல் எடுத்த துணிச்சல்

முதல் உலகப் போர் முடிந்து செக்கோஸ்லோவாகியா தனி நாடானது. 1922ஆம் ஆண்டு அந்நாட்டுப் பணத்தின் மதிப்பு ஏறியது. பண மதிப்பு ஏறினால் நல்லதுதானே என்று தோன்றும். ஏற்றுமதி செய்பவருக்கு அது பேரிடி. வெளிநாட்டில் சரக்கு விலை கூடி விற்பனை நின்றது. உள்நாட்டில் மக்கள் கையில் பணம் இல்லை. தொழிற்சாலைகளில் சரக்கு மலைபோல் குவிந்தது.

மற்றவர்கள் ஆட்குறைப்பு செய்து காத்திருந்தபோது, பாட்டா அந்த ஆண்டு செப்டம்பரில் தம் செருப்புகளின் விலையை ஒரேயடியாகப் பாதியாக்கினார். தொழிலாளர்களின் கூலியையும் 40 சதவீதம் குறைத்தார். அதற்கு ஈடாக உணவுப் பொருள், துணிமணி முதலியவற்றைப் பாதி விலையில் கம்பெனியே அவர்களுக்கு வழங்க ஏற்பாடு செய்தார். அதாவது செருப்பு வியாபாரி மளிகை வியாபாரியும் ஆனார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

குவிந்திருந்த சரக்கு கரைந்தது. கடைகளில் கூட்டம் நெரிந்தது. ஆனால் பாதி விலைக்கு விற்றுப் பிழைக்க வேண்டுமானால் அடக்க விலையையும் இறக்கியாக வேண்டும். பல மடங்கு உற்பத்தி செய்ய வேண்டும். அதற்குப் புதுக் கட்டடங்கள் வேண்டும். விரைவாகவும் வேண்டும், மலிவாகவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரைபடம் போட்டு, தனித்தனியாகப் பலகை அடித்துக் கான்கிரீட் போட அவகாசம் இல்லை. இந்த நெருக்கடிதான் ஸ்லீன் கட்டடக்கலையைப் பெற்றெடுத்தது.

6.15 மீட்டர்

பாட்டா கம்பெனி ஓர் அளவைப் பிடித்துக்கொண்டது. தூணுக்குத் தூண் 6.15 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 20 அடி 2 அங்குலம். அமெரிக்கத் தொழிற்கூடங்களில் வழங்கிய 20 அடிக் கட்டத்தை ஒட்டியது இது. நீளத்துக்கும் 6.15, அகலத்துக்கும் 6.15. நான்கு தூண்களுக்கு நடுவே ஒரு சதுரம். அதுதான் அடிப்படை.

ஒரு தொழிற்கூடம் என்றால் அகலத்தில் 3 சதுரம், நீளத்தில் 13 சதுரம். ஏறக்குறைய 20 மீட்டர் அகலம், 80 மீட்டர் நீளம். தூணும் தளமும் கான்கிரீட். தூண்களுக்கு இடையே இடுப்பளவுக்குப் பூசாத சிவப்புச் செங்கல், அதற்கு மேல் முழுவதும் சன்னல். அகலம் அளவாக இருப்பதால் இருபுறத்து வெளிச்சமும் கட்டடத்தின் நடுப்பகுதி வரை எட்டியது. உள்ளே நிரந்தரச் சுவர் கிடையாது. இன்று ஓரிடத்தில் இருக்கும் இயந்திரத்தை நாளை வேறிடத்துக்கு மாற்றலாம். மாற்றும்போது கட்டடம் குறுக்கே நிற்காது.

ஒரே அளவால் கிடைத்த ஆதாயத்தை வியாபாரக் கண்ணோடு பாருங்கள். ஒரு கட்டடத்துக்குச் செய்த அச்சுப் பலகையை அடுத்த கட்டடத்துக்கும் பயன்படுத்தலாம். கம்பி வெட்டும் அளவு ஒன்றே. சன்னல் அளவு ஒன்றே. வேலை செய்யும் ஆளுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனி தனக்கென்று தனிக் கட்டுமானப் பிரிவையே வைத்துக்கொண்டது. வெளி ஒப்பந்தக்காரரின் நாளுக்கும் விலைக்கும் காத்திருக்கவில்லை. நாம் ஒரே ரகப் பருப்பை மொத்தமாகக் கொள்முதல் செய்தால் என்ன ஆதாயமோ, அதே ஆதாயத்தை அவர்கள் கட்டடத்தில் கண்டார்கள்.

ஊர் முழுவதும் ஒரே அளவு

1923ஆம் ஆண்டு பாட்டா அவ்வூரின் நகரத் தலைவரானார். 1932இல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். நகரத்தின் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்றவர் ஃபிரான்டிஷெக் கஹூரா. அவ்வூரிலேயே பிறந்து, கொட்டேராவிடம் பயின்றவர். நகரசபைக் கட்டடம் இவருடைய தொடக்க காலப் படைப்பு.

தொழிற்கூடத்துக்கு வகுத்த 6.15 மீட்டர்ச் சட்டத்தை இவர் ஊர்ப் பொதுக் கட்டடங்களுக்கும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, கடை, தங்கும் விடுதி என்று எதுவானாலும் அதே தூண், அதே செங்கல், அதே சன்னல். 1927-28இல் பள்ளிகள் எழுந்தன. 1930களின் தொடக்கத்தில் பத்து மாடிப் பல்பொருள் அங்காடி, 1932இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் திரையரங்கு, அடுத்து பதினொரு மாடி விடுதி என்று வரிசையாக வந்தன. 1921இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 1930இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள்.

வீடுகள் வேறு வகை. எல்லோரும் சேர்ந்து வேலை செய்யட்டும், குடும்பம் தனித்து வாழட்டும் என்பது பாட்டாவின் கொள்கை. ஆகவே தொழிலாளருக்கு அடுக்குமாடி வேண்டாம் என்று முடிவு செய்து, சிறு சிறு செங்கல் வீடுகளைக் கட்டினார்கள். பூச்சு இல்லாத சிவப்புச் செங்கல், தட்டைக் கூரை, பார்ப்பதற்கு நிமிர்த்தி வைத்த பெட்டி போல இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று, இரண்டு குடும்பத்துக்கு ஒன்று, நான்கு குடும்பத்துக்கு ஒன்று என மூன்று வகை. கீழே வசிக்கும் அறையும் சமையலும் குளியலும். மாடியில் படுக்கை அறை. சுற்றிலும் புல்லும் பழமரமும். வீட்டுக்கு வீடு வேலி கிடையாது. எல்லா வீடும் ஒரே மாதிரி என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் குளியலறை உள்ள வீடு அந்தக் காலத்து ஐரோப்பியத் தொழிலாளிக்கு எளிதில் கிடைத்த வசதி அல்ல என்பதையும் நினைக்க வேண்டும்.

1930ஆம் ஆண்டு விளாதிமிர் கார்ஃபீக் என்ற இளைஞர் கம்பெனியில் சேர்ந்தார். பாரிசில் லெ கொர்புசியேயிடமும் அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்டு ரைட்டிடமும் வேலை பார்த்தவர். நம் நாட்டுச் சண்டிகர் நகரத்தைப் பின்னாளில் வடிவமைத்த அதே லெ கொர்புசியே, 1935ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வடிவமைப்புப் போட்டிக்கு நடுவராக ஸ்லீனுக்கு வந்தார். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரு திட்டம் வரைந்தும் கொடுத்தார். கம்பெனி அதை ஏற்கவில்லை. உலகப் புகழ் பெற்றவர் வரைந்தாலும் தங்கள் கணக்குக்கு ஒத்து வரவில்லையென்றால் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த துணிவு வியாபாரிக்கே உரியது.

கடையே விளம்பரம்

நம் வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமான கட்டடம் ஒன்று உண்டு. தலைநகர் பிராகாவின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் 1929ஆம் ஆண்டு பாட்டா திறந்த செருப்புக் கடை. லூட்விக் கிசேலா என்ற கட்டடக் கலைஞரின் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இரு பக்கமும் நெருக்கிய பழைய வீதிக் கட்டடங்களுக்கு நடுவே, ஒவ்வொரு மாடியிலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடையில்லாத கண்ணாடி.

தூண்களைக் கொஞ்சம் உள்வாங்கி நிறுத்தி, முகப்பைப் பாரம் சுமக்காத கண்ணாடித் திரையாக அமைத்ததால் இது முடிந்தது. பகலில் உள்ளே வெளிச்சம் பாய்ந்தது. இரவில் விளக்குப் போட்டால் கட்டடம் முழுவதுமே விளக்குப் பெட்டிபோல் ஒளிர்ந்தது. சதுக்கத்தில் நடப்பவர்களுக்கு எல்லா மாடியிலும் உள்ள சரக்கு தெரிந்தது. தனியாக விளம்பரப் பலகை எதற்கு? கடையே விளம்பரம். சுவரை எடுத்துவிட்டால் சரக்கு பேசும் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

கண்ணாடி மண்டபமும் நகரும் அறையும்

1932ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி காலை, மூடுபனியையும் பொருட்படுத்தாமல் கம்பெனி விமானத்தில் புறப்பட்ட தோமாஷ் பாட்டா, புறப்பட்ட சில நிமிடங்களில் விமானம் விழுந்து விமானியோடு மாண்டார். வயது 56.

அவருக்குக் கஹூரா ஒரு நினைவு மண்டபம் கட்டினார். ஓராண்டு நினைவு நாளில், 1933 ஜூலை 12இல் அது திறக்கப்பட்டது. பளிங்கு இல்லை, கோபுரம் இல்லை. தொழிற்கூடத்தில் இருந்த அதே கான்கிரீட் சட்டம். செங்கல்லை எடுத்துவிட்டு நான்கு புறமும் கண்ணாடி. உள்ளே அவர் பயணம் செய்த வகை விமானம் ஒன்று மட்டும் தொங்கியது. வாழ்நாளெல்லாம் எந்த அளவில் கட்டினாரோ அந்த அளவிலேயே அவருக்கு நினைவுச் சின்னம் அமைந்தது. இந்த மண்டபத்தைத்தான் அந்த நகரத்தின் மிகச் சிறந்த கட்டடம் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்துப் பொறுப்பேற்ற தம்பி யான் பாட்டாவின் காலத்தில் கார்ஃபீக் வரைந்த தலைமை அலுவலகம் 1938ஆம் ஆண்டு எழுந்தது. "21ஆம் எண் கட்டடம்" என்று பெயர். உயரம் 77.5 மீட்டர். அந்நாளைய ஐரோப்பாவின் உயர்ந்த கட்டடங்களில் ஒன்று. அதிலும் ஒவ்வொரு தளமும் தொழிற்கூடத்தின் அதே 80க்கு 20 மீட்டர் அளவு. முதலாளியின் அறையே ஒரு மின்தூக்கி. மேசை, நாற்காலி, தொலைபேசி, கை கழுவும் தொட்டி, குளிர்சாதனம் எல்லாம் அடங்கிய அறை அப்படியே மாடிக்கு மாடி ஏறி இறங்கும். கணக்குப்பிள்ளை கல்லாவுக்கு எழுந்து வரவேண்டாம், கல்லாவே கணக்குப்பிள்ளையிடம் போகும்! ஆனால் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்த 1939ஆம் ஆண்டு யான் பாட்டா நாட்டைவிட்டுப் போய்விட்டார். அந்த நகரும் அறையை அவர் பயன்படுத்த வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

இதே அளவையும் முறையையும் பாட்டா கம்பெனி வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றது. இங்கிலாந்தில் கிழக்கு டில்பரி, ஹாலந்தில் பெஸ்ட், ஸ்விட்சர்லாந்தில் மோலின், யுகோஸ்லாவியாவில் போரோவோ என்று ஊர்கள் எழுந்தன. ஹூக்ளி நதிக்கரையில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய நம் பாட்டாநகரும் அந்தக் குடும்பத்தில் ஒன்றே.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கேட்டால் எல்லாம் பாராட்டாகவே தோன்றும். வியாபாரி என்றால் பற்றையும் எழுத வேண்டும்.

பாட்டாவின் மலிவு விலை, கையால் செருப்பு தைத்த ஆயிரக்கணக்கான சிறு தொழிலாளர்களின் பிழைப்பைப் பறித்தது. அவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பழுது பார்க்கும் வேலையையும் கம்பெனிக் கடைகளே எடுத்துக்கொண்டபோது அவர்களின் கடைசிப் பிடிமானமும் போயிற்று. ஸ்லீனில் வேலை கொடுப்பவரும் கம்பெனி, வீட்டுச் சொந்தக்காரரும் கம்பெனி, நகரசபையும் கம்பெனி, அரிசி பருப்பு விற்பதும் கம்பெனி என்றால், அங்கே சொந்த முதலில் கடை வைத்துப் பிழைக்க நினைத்த ஒருவருக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும்? 1922இல் பாதி விலைக்கு மளிகை கொடுத்ததை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்தப் பத்து மாடி அங்காடியின் வெளிச்சத்தைப் பாராட்டும்போது, அதன் நிழல் யார்மேல் விழுந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்தோடுதான் தொழிலாளியும் அந்த அழகிய வீட்டில் வாழ்ந்தார்.

ஒரே கம்பெனியை நம்பிய ஊருக்கு வந்த கதியையும் பாருங்கள். 1944 நவம்பரில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் தொழிற்சாலைப் பகுதி பெரும் சேதமடைந்தது. 1945இல் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1949இல் ஊரின் பெயரையே கொட்வால்டோவ் என்று மாற்றினார்கள். பாட்டா என்ற பெயரைச் சொல்வதே ஆகாத காலம் அது. கண்ணாடி மண்டபத்தை மாற்றியமைத்துக் கலைக்கூடமாகவும் இசையரங்காகவும் ஆக்கினார்கள். 1990இல்தான் ஸ்லீன் என்ற பழைய பெயர் திரும்பியது. பிறகு சந்தைப் போட்டியில் அங்கிருந்த பெரிய செருப்புத் தொழிற்சாலை நொடித்தது.

தொழில் போனது, கட்டடம் நின்றது. 21ஆம் எண் கட்டடத்தில் 2004 முதல் மாநில நிர்வாகமும் வரி அலுவலகமும் இயங்குகின்றன. பழைய தொழிற்கூடங்கள் இரண்டில் 2013இல் அருங்காட்சியகமும் நூலகமும் கலைக்கூடமும் குடியேறின. கண்ணாடி மண்டபத்தைப் பழைய வடிவத்துக்கே மீட்டு 2019இல் திறந்தார்கள். தொழிற்கூடம் நூலகமாக முடிந்தது எப்படி? உள்ளே சுவர் இல்லை. தூண் ஒரே அளவில் நிற்கிறது. வெளிச்சம் இருக்கிறது. யார் வந்தாலும் தங்கள் தேவைக்குத் தக்கபடி தடுத்துக்கொள்ளலாம். முதலாளியும் தொழிலும் ஆட்சியும் மாறிய பிறகும் அந்த 6.15 மீட்டர்க் கணக்கு மாறவில்லை.

நம் கிடங்குக்கு வருவோம்

நாம் 1994ஆம் ஆண்டு சர்க்கரை, வெல்லம், பருப்பு வைக்க ஒரு கிடங்கு கட்டினோம். கட்டிக் கொடுத்தவர் கெட்டவர் அல்லர். எத்தனை சதுர அடி வேண்டும் என்று கேட்டார், சொன்னோம். என்ன சரக்கு, மூட்டை என்ன நீளம், எத்தனை மூட்டை அட்டி போடுவீர்கள், லாரி எந்தப் பக்கம் நிற்கும் என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. தூண்கள் ஓரிடத்தில் 11 அடி, இன்னோரிடத்தில் 14 அடி என்று வந்தன. ஒரு தூண் சரியாக ஷட்டர் கதவுக்கு நேரே ஏழடி உள்ளே நின்றது.

அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டுதான் மூட்டை உள்ளே போகவேண்டும். போக வர பத்து தப்படி கூடுதல் என்று வையுங்கள். அந்நாளில் பத்து டன் லாரியில் நூறு கிலோ மூட்டை நூறு வரும். ஒரு லாரிக்கு ஆயிரம் தப்படி வீண். தலையில் நூறு கிலோவைச் சுமந்துகொண்டு, அந்த மூத்த தொழிலாளி தூணருகே ஒவ்வொரு முறையும் உடலைத் திருப்பி நுழைந்ததை நாம் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இத்தனை ஆண்டுகளில் வீணான தப்படிகளுக்கு யார் கணக்கு எழுதுவது? தூணை நம்மால் நகர்த்த முடியவில்லை. கட்டுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து அளந்திருந்தால் நகர்த்த வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஊர்களில் பழைய மார்க்கெட்டுகளை இடித்துப் புதுக்கடைகள் கட்டுகிறார்கள். நம் ஊரிலும் அந்தப் பேச்சு நடக்கிறது. வரைபடம் ஒன்று நம் பார்வைக்கு வந்தது. முகப்பு அழகாகத்தான் இருக்கிறது, நீலக் கண்ணாடியும் வளைவும் போட்டிருக்கிறார்கள். ஆனால் லாரி நின்று சரக்கு இறக்க இடம் எங்கே என்று தேடிப் பார்த்தோம், காணவில்லை. வெங்காயக் கடைக்கும் வளையல் கடைக்கும் ஒரே அளவு அறை. காற்றோட்டம் இல்லாத அறையில் வெங்காயம் எத்தனை நாள் நிற்கும் என்பது வெங்காய மண்டிக்காரருக்குத் தெரியும், வரைபவருக்கு எப்படித் தெரியும்?

வரைபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்லீனில் கொட்டேராவும் கஹூராவும் கார்ஃபீக்கும் திறமைசாலிகள்தாம். ஆனால் அவர்களிடம் தன் தொழில் எப்படி நடக்கிறது என்று எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்ல ஒரு வியாபாரி இருந்தார். நம் கட்டடங்களுக்கு அந்தக் குரல்தான் குறைகிறது. பாட்டாவைப் போல ஊரையே விலைக்கு வாங்கும் பலம் நமக்கு இல்லை. அது வேண்டவும் வேண்டாம். ஒரே முதலாளியின் நகரத்தைவிடப் பல கைகள் சேர்ந்து நடத்தும் கடைவீதி உறுதியானது என்பதற்கு அதே ஸ்லீன் சாட்சி. அவர் தனியாகச் செய்ததை நாம் சங்கமாகச் செய்யலாம்.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து விவரம் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்று, உங்கள் மூட்டை அல்லது பெட்டியின் நீளம், அகலம். இரண்டு, எத்தனை உயரம் அட்டி போடுகிறீர்கள். மூன்று, சரக்கு வண்டி எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. நான்கு, சரக்குக்குக் காற்று வேண்டுமா, வெயில் படலாமா. ஐந்து, வாடிக்கையாளர் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். முகப்புக் கடைக்காரரும் எழுதட்டும், கடைக்கோடியில் கருவேப்பிலை விற்பவரும் எழுதட்டும். எல்லாவற்றையும் தொகுத்தால் தூணுக்குத் தூண் எவ்வளவு வேண்டும் என்ற நம் ஊரின் அளவு தானாக வெளிவரும். அதை வரைபடம் முடிவாவதற்குள் உரியவர்களிடம் கையெழுத்திட்டுக் கொடுப்போம்.

அஸ்திவாரம் தோண்டிய பிறகு பேசினால் அது புலம்பல். தோண்டுவதற்கு முன் பேசினால் அது ஆலோசனை. நம் கிடங்கில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.